யோஷியா நொபுகோ

யோஷியா நொபுகோ (ஜனவரி 12, 1896 – ஜூலை 11, 1973) ஜப்பானியப் புதின எழுத்தாளர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜப்பானில் மிகுதியாக வாசிக்கப்பட்ட எழுத்தாளர்களுள் ஒருவர். மாணவிகளுக்கிடையே மலரும் அன்பையும் காதலையும் மையமாகக் கொண்டு இவர் எழுதிய கதைகள், பிற்காலத்தில் யூரி எனப் பெயர் பெற்ற படக்கதை வகைக்கு மூலமாக அமைந்தன. பெண்களுக்கிடையிலான காதலைக் கூறும் ஜப்பானியப் படக்கதைகளே (மங்கா) யூரி எனப்படுகின்றன. ஜப்பானிய மொழியில் இச்சொல் லில்லி மலரைக் குறிக்கும். இவ்வகைப் படக்கதைகளை மதிப்பிடும் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் யோஷியாவிலிருந்தே தங்கள் ஆய்வைத் தொடங்குகின்றனர். ஆயினும் யோஷியா தம் வாழ்நாளில் படக்கதை எதையும் எழுதியவர் அல்லர்.

ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் எழுதப்படும். யோஷியா என்பது குடும்பப் பெயர். நொபுகோ என்பது இயற்பெயர்.

இளமைக் காலம்

யோஷியா ஜப்பானின் மேற்குக் கரையிலுள்ள நீகாத்தாவில் பிறந்தார். தந்தை காவல்துறையிலும் பின்னர் மாவட்ட நிருவாகத்திலும் பணியாற்றியவர். பணிமாற்றம் காரணமாகக் குடும்பம் அடிக்கடி ஊர் மாறியது. யோஷியாவின் இளமை பெரும்பாலும் தொச்சிகி மாகாணத்தில் கழிந்தது. பெற்றோர் இருவரும் சாமுராய் மரபினர். ஆண் பிள்ளைகள் பலர் இருந்த வீட்டில் இவர் ஒருவரே பெண். வீட்டு வேலைகளில் தேர்ந்து நல்ல மனைவியாக வேண்டும் என்பதே தாயின் எதிர்பார்ப்பாக இருந்தது.

அன்றைய ஜப்பானியப் பெண்கல்வியின் நோக்கமும் அதுவே. 1899 ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி ஒவ்வொரு மாகாணமும் குறைந்தது ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியையேனும் நடத்த வேண்டும். நல்ல மனைவியரையும் அறிவுள்ள தாய்மாரையும் உருவாக்குவதே அப்பள்ளிகளின் குறிக்கோளாக அறிவிக்கப்பட்டது. ஆனால் விளைவு அரசு எண்ணியதோடு நிற்கவில்லை. பருவமெய்திய பெண்கள் மணமாகும் முன் சில ஆண்டுகளைப் பிற பெண்களோடு மட்டுமே கழிக்கும் ஒரு புதிய காலம் அவர்கள் வாழ்வில் உருவாயிற்று. அந்த இடைவெளியே பின்னர் யோஷியாவின் இலக்கியத்திற்குக் களமாயிற்று.

தொச்சிகி பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, கல்வியாளர் நிதோபே இனாசோ அங்கு வந்து உரையாற்றினார். பெண் ஒருத்தி மனைவியாகவும் தாயாகவும் ஆவதற்கு முன் முழுமையான மனிதப் பிறவியாக வளர வேண்டும் என்னும் பொருள்பட அமைந்த அவ்வுரை யோஷியாவை ஆழமாகப் பாதித்தது. பள்ளி நாட்களிலேயே இவர் சிறுமியர் இதழ்களுக்குக் கதைகள் அனுப்பத் தொடங்கியிருந்தார். 1915 இல் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தார்.

மலர்க் கதைகள்

1916 இல் ஷோஜோ காஹோ என்னும் சிறுமியர் இதழில் இவரது ஹானா மொனொகாதாரி (மலர்க் கதைகள்) வெளிவரத் தொடங்கியது. முதலில் சில கதைகள் என்ற அளவில் திட்டமிடப்பட்ட இத்தொடர், வாசகியரின் வரவேற்பால் 1924 வரை நீண்டு மொத்தம் 52 கதைகளைக் கொண்டதாயிற்று. தொடக்கக் கதைகளில், கோடைக்கால முன்மாலையொன்றில் ஏழு பெண்கள் கூடி அமர்ந்து ஒவ்வொருவராகத் தம் நினைவிலுள்ள கதையைச் சொல்கின்றனர். ஒவ்வொரு கதையும் ஒரு மலரின் பெயரைத் தாங்கியது. வெள்ளை லில்லி, வெண்சாமந்தி, மஞ்சள் ரோஜா ஆகியவை அவற்றுள் சில.

பெரும்பாலான கதைகளில் நிகழ்ச்சிகள் மிகக் குறைவு. விடுதியில், இசை வகுப்பில், ரயில் பெட்டியில் ஒருத்தி இன்னொருத்தியைக் காண்கிறாள், மனம் ஈடுபடுகிறாள், பின் நோயாலோ இறப்பாலோ திருமணத்தாலோ பிரிகிறாள். நடை அலங்காரமானது. தொடர் புள்ளிகளும் கோடுகளும் வியப்புக் குறிகளும் நிறைந்தது. இக்காலத்து வாசகருக்கு அது மிகையாகத் தோன்றக்கூடும். எனினும் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கு அப்புள்ளிகளே இவருக்கு உதவின என்பதை மறுக்க இயலாது.

மஞ்சள் ரோஜா என்னும் கதை இவற்றுள் துணிவு மிக்கது. திருமணத்தைத் தவிர்க்க விரும்பி வெளியூர்ப் பள்ளியொன்றில் பணியேற்கும் இளம் ஆசிரியை ஒருத்தி அங்குப் பயிலும் மாணவியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். மாணவியும் அவ்வாறே. இருவரும் சேர்ந்து அமெரிக்கா சென்று படிக்கத் திட்டமிடுகின்றனர். மாணவியின் பெற்றோர் அவளுக்குத் திருமணம் முடிவு செய்கின்றனர். ஆசிரியை தனியே கப்பலேறுகிறாள். பண்டைக் கிரேக்கப் பெண்பாற் புலவர் சாப்போவின் பெயர் இக்கதையில் வெளிப்படையாகவே இடம்பெறுகிறது.

மாணவிகளுக்கிடையிலான இத்தகைய நெருக்கம் அக்காலத்தில் எஸ் என்னும் ஓரெழுத்தால் குறிக்கப்பட்டது. உடன்பிறந்தாளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. மூத்த மாணவி அக்காளாகவும் இளைய மாணவி தங்கையாகவும் கொள்ளப்பட்டனர். பெற்றோரும் பள்ளிகளும் இதனைப் பருவத்தின் கடந்துபோகும் உணர்ச்சி என ஓரளவு பொறுத்துக்கொண்டனர். படிப்பு முடிந்ததும் திருமணம் நடக்க வேண்டும் என்பதே அப்பொறுமையின் நிபந்தனை. அந்நிபந்தனையை மீறிய உறவுகள் நோயாகவே கருதப்பட்டன. 1911 இல் பெண்கள் பள்ளியில் படித்து முடித்த இருவர் நீகாத்தா மாகாணக் கடலில் ஒன்றாக உயிர்நீத்தபோது, செய்தித்தாள்கள் பெண்களின் ஒருபால் காதலைப் பற்றி அச்சத்துடன் எழுதின. மலர்க் கதைகளில் பிரிவு ஏன் இத்தனை முறை வருகிறது என்பதற்கு இச்சூழலே விடை. சிறுமியர் இதழொன்று அச்சிடக்கூடிய முடிவு அது ஒன்றே.

மாடியறை

1919 இல் எழுதி 1920 இல் நூலாக வெளிவந்த யானேயுரா நோ நிஷோஜோ (மாடியறையின் இரு கன்னியர்) இதழ்களின் கட்டுப்பாட்டிற்கு வெளியே பிறந்த படைப்பு. டோக்கியோவில் கிறித்தவ இளம்பெண்கள் சங்கத்தின் விடுதியில் யோஷியா தங்கியிருந்த நாட்களும் அங்கு அவருக்கு ஏற்பட்ட நட்பும் இதற்கு அடிப்படை. தாழ்வு மனப்பான்மையும் தனிமையும் கொண்ட தாகிமோதோ அகிகோ, விடுதியின் கூரையை ஒட்டிய அறையொன்றில் குடியேறுகிறாள். அடுத்த அறையில் இருப்பவள் அகித்சு தமாகி. பொறாமையும் பிணக்கும் வந்துபோகின்றன. கதை இறுதியில் இருவரும் விடுதியை விட்டு வெளியேற நேர்கிறது.

மலர்க் கதைகளின் இலக்கணப்படி இங்குப் பிரிவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருவரும் ஒன்றாக வாழ்வது என முடிவு செய்து வெளியே செல்கின்றனர். எவரும் இறக்கவில்லை, எவருக்கும் மணம் முடிக்கப்படவில்லை. கட்டமைப்பில் குறைகள் உள்ள புதினம் இது. தொடக்கப் பகுதிகள் மிக மெதுவாக நகர்கின்றன. ஆயினும் யோஷியாவின் படைப்புகளுள் காலத்தால் மிகவும் முந்திச் சென்றது இதுவே.

அதே காலத்தில் ஓசாகா அசாஹி நாளிதழின் புதினப் போட்டியில் இவரது சி நோ ஹாதே மாதே (பூமியின் எல்லை வரை) பரிசு பெற்று, 1920 இல் அந்நாளிதழில் தொடராக வெளிவந்தது. அதன்பின் இவர் முழுநேர எழுத்தாளரானார்.

மொன்மா சியோ

1923 ஜனவரியில், பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் யாமதாகா ஷிகேரி வழியாக மொன்மா சியோ என்பவர் இவருக்கு அறிமுகமானார். மொன்மா டோக்கியோ பெண்கள் பள்ளியொன்றில் கணித ஆசிரியை. யோஷியாவை விட மூன்று வயது இளையவர். அவ்வாண்டு செப்டம்பரில் பெரும் நிலநடுக்கம் டோக்கியோவை அழித்தது. பின்னர் மொன்மா தொலைவிலுள்ள சிமோனோசெக்கியில் பணியேற்றபோது இருவரும் ஒருவருக்கொருவர் நீண்ட கடிதங்கள் எழுதிக்கொண்டனர். தனிக் குடும்பம் ஒன்றைச் சட்டப்படி நிறுவி, அதில் மொன்மாவை இணைத்துக்கொள்ளும் எண்ணத்தை யோஷியா அக்கடிதங்களிலேயே வெளியிட்டார். அவர் காலத்து ஜப்பானில் இவ்வாறு எண்ணியதே அரிது. 1926 இல் டோக்கியோவின் ஷிமோ-ஒச்சியாய் பகுதியில் வீடு கட்டி இருவரும் ஒன்றாக வாழத் தொடங்கினர். மொன்மா பள்ளிப் பணியை விட்டு யோஷியாவின் செயலாளராகவும் இல்ல நிருவாகியாகவும் ஆனார். யோஷியாவின் இறப்பு வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இவ்வுறவு நீடித்தது.

1925 இல் யோஷியா குரோஷோபி (கருப்பு ரோஜா) என்னும் இதழைச் சொந்தமாகத் தொடங்கினார். எட்டுத் திங்களில் அது நின்றது. தமிழ் வாசகர்கள் இங்கு ஓர் ஒற்றுமையைக் காணலாம். அதே 1925 இல்தான் சென்னை திருவல்லிக்கேணியில் வை. மு. கோதைநாயகி அம்மாள் ஜகன்மோகினி இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். கோதைநாயகியின் இதழ் பல்லாண்டு நடந்தது, யோஷியாவுடையது நடக்கவில்லை. இருவரும் தொடர்கதைகளால் பெருவாரியான பெண் வாசகர்களைப் பெற்றதும், இருவரையுமே இலக்கியத் திறனாய்வாளர்கள் வெகுநாள் பொருட்படுத்தாமல் விட்டதும் ஒத்துப்போகின்றன.

1920களின் இறுதியில் யோஷியாவும் மொன்மாவும் சோவியத் ஒன்றியம் வழியாக ரயிலில் ஐரோப்பா சென்று பாரிசில் தங்கி, அமெரிக்கா வழியாக நாடு திரும்பினர். யோஷியா தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார். சொந்தமாகக் கார் வைத்திருந்த முதல் ஜப்பானியப் பெண்களுள் ஒருவர். பந்தயக் குதிரைகளை வளர்த்தார்; கோல்ஃப் விளையாடினார். இச்செலவுகள் அனைத்தும் பேனாவால் ஈட்டிய பணத்தைக் கொண்டே செய்யப்பட்டன.

வெகுசனப் புதினங்கள்

1930களில் இவர் மகளிர் இதழ்களிலும் பெரிய நாளிதழ்களிலும் எழுதினார். ஒன்னா நோ யூஜோ (பெண்களின் நட்பு, 1933–34) என்பதும் ஒத்தோ நோ தெய்சோ (கணவனின் கற்பு, 1936–37) என்பதும் மிகுந்த புகழ் பெற்றன. பின்னது தலைப்பாலேயே பரபரப்பை உண்டாக்கியது. அன்றைய ஜப்பானியக் குற்றவியல் சட்டம் மணவாழ்வுக்கு வெளியே உறவு கொண்ட மனைவியைத் தண்டித்ததே ஒழியக் கணவனைத் தண்டிக்கவில்லை. அச்சட்டப் பிரிவு 1947 இல்தான் நீக்கப்பட்டது. கற்பு என்னும் சொல்லைக் கணவனோடு சேர்த்தெழுதியதே ஒரு வாதமாக அமைந்தது. கதையில், தன் தோழியோடு உறவு கொண்ட கணவனை மனைவி எதிர்கொள்கிறாள். தோழி பெற்ற குழந்தையைத் தானே வளர்க்கிறாள். கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலான உறவைக் காட்டிலும் இரு பெண்களுக்கிடையிலான உறவே கதையில் உயிர்ப்புடன் உள்ளது. இப்புதினம் 1937 இல் யாமமோதோ கஜிரோ இயக்கத்தில் திரைப்படமாயிற்று.

போர்க் காலம்

யோஷியாவின் வாழ்வில் போற்றத்தகாத பகுதியும் உண்டு. 1937 இல் சீனாவுடன் போர் மூண்டதும், ஷுஃபு நோ தோமோ என்னும் மகளிர் இதழின் சிறப்புச் செய்தியாளராக வட சீனாவுக்கும் ஷாங்காய்க்கும் சென்று கட்டுரைகள் எழுதினார். 1938 இல் அரசு போர்முனைக்கு அனுப்பிய எழுத்தாளர் குழுவில் இடம்பெற்ற பெண்கள் இருவர். தரைப்படைப் பிரிவில் ஹயாஷி ஃபுமிகோ. கடற்படைப் பிரிவில் யோஷியா. பின்னர் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளுக்கும் பிரெஞ்சு இந்தோசீனாவுக்கும் சென்றுவந்தார். 1942 முடிவதற்குள் அப்பகுதிகள் ஜப்பானியப் படையின் பிடியில் இருந்தன. அதே படைதான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசென்றது. பெண்களின் ஒற்றுமையைப் பாடிய எழுத்து, போர்க்கால அரசுக்குப் பெண்களைத் திரட்டும் எழுத்தாகவும் பயன்பட்டது. இதனை விடுத்து எழுதப்படும் யோஷியாவின் வரலாறு முழுமையாகாது.

பிற்காலம்

போர்க் காலத்தில் கமாகுராவுக்குக் குடிபெயர்ந்த யோஷியா, போருக்குப் பின் முதிர்ந்த நடையில் எழுதினார். ஒனிபி (பேய்த் தீ, 1951) என்னும் சிறுகதை பெண் எழுத்தாளர் விருதைப் பெற்றது. 1966 இல் வெளிவந்த தோகுகாவா நோ ஃபுஜின்தாச்சி (தோகுகாவா மாதர்), எதோ கோட்டையின் அந்தப்புரப் பெண்களைப் பற்றிய வரலாற்றுப் புதினம். ஆண்கள் நுழைய முடியாத ஓரிடத்தில் பெண்கள் வாழும் வாழ்வு என்ற வகையில், மாணவியர் விடுதியிலிருந்து இது வெகுதொலைவில் இல்லை. 1967 இல் கிகுச்சி கான் பரிசு வழங்கப்பட்டது. நியோனின் ஹெய்கே (ஹெய்கே மகளிர், 1971) இவரது கடைசிப் பெரும் படைப்பு.

1957 இல் யோஷியா, மொன்மா சியோவைச் சட்டப்படி மகளாகத் தத்தெடுத்தார். அப்போது யோஷியாவுக்கு வயது 61. மகளான மொன்மாவுக்கு ஐம்பதுகளின் இறுதி. ஜப்பானியச் சட்டத்தில் பெரியவர்களைத் தத்தெடுக்க இடமுண்டு. தத்தெடுப்பவர் மூத்தவராக இருந்தால் போதும். இரு பெண்கள் ஒருவர்க்கொருவர் வாரிசாகவும் நோயுற்ற காலத்தில் முடிவெடுக்கும் உறவினராகவும் ஆவதற்கு அன்று இருந்த வழி இது ஒன்றே. முப்பதாண்டுகளுக்கு மேலாக ஒன்றாக வாழ்ந்த இருவரையும் அரசு ஏடுகள் தாயும் மகளுமாகப் பதிவு செய்தன.

1962 இல் கமாகுராவின் ஹாசே பகுதியில், கட்டடக் கலைஞர் யோஷிதா இசோயா வடிவமைத்த மரவீட்டில் குடியேறினர். யோஷியா 1973 ஜூலை 11 அன்று பெருங்குடல் புற்றுநோயால் காலமானார். அவரது கல்லறை, கமாகுராவின் பெரிய புத்தர் சிலை அமைந்துள்ள கோதோகு-இன் கோவிலில் உள்ளது. வீடு அவரது விருப்பப்படி கமாகுரா நகருக்கு வழங்கப்பட்டு நினைவில்லமாயிற்று.

யூரி படக்கதைகளும் யோஷியாவும்

மலர்க் கதைகளின் செல்வாக்கு எழுத்தால் மட்டும் பரவவில்லை. ஃபுகியா கோஜி, நகஹாரா ஜுன்இச்சி ஆகிய ஓவியர்கள் இக்கதைகளுக்கு வரைந்த மெலிந்த உடலும் பெரிய கண்களும் கொண்ட பெண்கள், போருக்குப் பிந்தைய சிறுமியர் படக்கதைகளின் முகத்தையே தீர்மானித்தனர். பின்னர் நோபல் பரிசு பெற்ற கவபத்தா யசுனாரியின் பெயரில் 1937–38 இல் வெளிவந்த ஒதோமே நோ மினாதோ (கன்னியர் துறைமுகம்) என்னும் தொடரும் இம்மரபைச் சேர்ந்ததே. அதன் மூல வரைவை எழுதியவர் நகசாதோ சுனேகோ என்ற பெண் எழுத்தாளர்.

போருக்குப் பின் இருபாலாரும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள் பெருகியதால் எஸ் கதைகள் மங்கின. 1971 இல் யாமகிஷி ரியோகோ வரைந்த ஷிரோய் ஹேயா நோ ஃபுதாரி (வெள்ளை அறையின் இருவர்) பெண்களுக்கிடையிலான காதலை வெளிப்படையாகக் கூறிய முதல் சிறுமியர் படக்கதை எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. பிரான்சிலுள்ள பள்ளி விடுதியில் ஓர் அறையைப் பகிரும் இரு மாணவிகளைப் பற்றிய இக்கதை, ஒருத்தியின் இறப்பில் முடிகிறது. இகேதா ரியோகோவின் ஒனீசாமா ஏ (அண்ணனுக்கு, 1974) என்பதிலும் இறப்பும் பிரிவுமே மிஞ்சுகின்றன. அக்காலப் படக்கதைகளில் பெண்களின் காதல் ஏறத்தாழ எப்போதும் துயரில் முடிந்ததைத் திறனாய்வாளர் ஃபுஜிமோதோ யுகாரி 1998 இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். விடுதி, இருவர், ஒரே அறை என்னும் அமைப்பு மாடியறையிலிருந்து வந்தது. முடிவு மட்டும் மலர்க் கதைகளிலிருந்து வந்தது. ஐம்பதாண்டுகளுக்கு முன் யோஷியா எழுதிக் காட்டிய துணிவான முடிவைப் படக்கதைகள் எடுத்துக்கொள்ளவில்லை.

யூரி என்னும் பெயர் பின்னரே வந்தது. ஆண் ஒருபால் விரும்பிகளுக்கான பாராசோகு (ரோஜாக் குலம்) இதழின் ஆசிரியர் இதோ புங்காகு, 1976 இல் பெண் வாசகர்களின் கடிதங்களுக்கென ஒதுக்கிய பகுதிக்கு லில்லிக் குலத்தின் பெயரைச் சூட்டினார். 1998 முதல் கொன்னோ ஒயுகி எழுதிய மரியா-சாமா கா மிதேரு (மரியன்னை பார்த்துக்கொண்டிருக்கிறாள்) என்னும் புதினத் தொடர், கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியொன்றில் அக்காள்–தங்கை முறையை மீண்டும் உயிர்ப்பித்தது. அதன் மாணவியர் மன்றத்தில் செந்நிற, வெண்ணிற, மஞ்சள்நிற ரோஜாக்களின் பெயரால் பதவிகள் உள்ளன. மலர்க் கதைகளை அறிந்த வாசகருக்கு இதன் பரம்பரை உடனே விளங்கும். இத்தொடரின் வெற்றிக்குப் பின், 2003 இல் யூரி ஷிமாய், 2005 இல் யூரி ஹிமே என இவ்வகைக்கென்றே படக்கதை இதழ்கள் தோன்றின. ஷிமுரா தகாகோவின் அவோய் ஹானா (நீல மலர், 2004–2013), நகதானி நியோவின் யாகாதே கிமி நி நாரு (2015–2019) ஆகியவற்றில் பெண்கள் பிரியாமல் சேர்ந்து வாழும் எதிர்காலம் இயல்பானதாகக் காட்டப்படுகிறது.

யூரி படைப்புகளைப் பல ஆண்டுகளாக மதிப்பிட்டு எழுதிவரும் அமெரிக்கத் திறனாய்வாளர் எரிக்கா ஃபிரீட்மன், 2022 இல் வெளியிட்ட நூலில் இவ்வகையின் நூறாண்டு வரலாற்றை மாடியறைப் புதினத்தின் காலத்திலிருந்து கணக்கிடுகிறார். இதனோடு மாறுபடுவோரும் உள்ளனர். மாணவியர் விடுதி என்னும் மூடிய உலகையும் தூய்மை பற்றிய கற்பனையையும் யோஷியா வழங்கியதால், பெண்களின் காதல் பள்ளிப் பருவத்தோடு முடிவது என்ற எண்ணம் இவ்வகையில் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டது என்பது அவர்கள் வாதம். மலர்க் கதைகளை மட்டும் படிப்போருக்கு அது சரியாகவே தோன்றும்.

வாழ்க்கை வரலாறுகள்

யோஷியாவின் எழுத்துகள் 1975–76 இல் அசாஹி நாளிதழ் நிறுவனத்தால் 12 தொகுதிகளாக வெளியிடப்பட்டன. யோஷிதாகே தெருகோ 1982 இலும், கொமாஷாகு கிமி 1994 இலும், தானபே செய்கோ 1999 இலும் இவரது வாழ்வைப் பற்றி நூல்கள் வெளியிட்டனர். மறைந்து நின்ற பெண்ணியர் என்று இவரைக் காட்டுவது கொமாஷாகுவின் நூல். மஞ்சள் ரோஜா சாரா ஃபிரெடரிக்கால் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. யோஷியாவின் இறப்புக்குப் பின் மொன்மா சியோ அவரது தாள்களையும் கடிதங்களையும் பாதுகாத்துவந்தார். மொன்மா 1988 இல் காலமானார்.